வெள்ளிங்கிரி மூச்சு நிறுத்திய பகல்கள்

சிங்காநல்லூரைத் தாண்டி, பழைய மில்லுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து வெள்ளிங்கிரி பகலில் படுத்துத் தூங்கும்போது அவர் மூச்சு நின்றதென்றால், லைனில் எல்லாமே நின்றது. சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் மூன்று இறக்கையும் தனித்தனியாகத் தெரிய நின்றது, குழாயிலிருந்து கிளம்பிய சொட்டு குடத்தின் வாயைத் தொடாமல் நின்றது, பொங்கி வந்த பால் பாத்திரத்தின் விளிம்பில் குமிழோடு நின்றது, ஒரு ஓட்டிலிருந்து இன்னொரு ஓட்டுக்குத் தாவிய காக்கை விரித்த சிறகோடு நடுவில் நின்றது, அதையெல்லாம் விட முக்கியமாக, மூன்றாவது வீட்டு ருக்குமணியின் முழங்கால் வலி நின்றது.

மனிதர்கள் நினைத்தால் நகரலாம், கையைக் காலை யாரும் கட்டிப்போடவில்லை, ஆனால் நகர யாருக்கும் மனசு வராது. உடம்பில் எங்கெங்கே என்னென்ன பாரம் இருந்ததோ அதையெல்லாம் யாரோ வாங்கிக் கீழே வைத்துவிட்ட மாதிரி இருக்கும். துணி துவைத்தவள் கல்லின்மேல் கை வைத்தபடி நிற்பாள், மாவு ஆட்டியவள் கிரைண்டர்மேல் தலை சாய்ப்பாள், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி வாய் திறந்தபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இதற்கா இத்தனை கத்தினோம் என்று நினைப்பார்கள். பிறகு வெள்ளிங்கிரியின் தொண்டையிலிருந்து கதவை உடைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், மூச்சு திரும்பும், சொட்டு குடத்தில் விழும், பால் வழியும், காக்கை போய் உட்காரும், சண்டையும் தொடரும்.

இது எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். வெள்ளிங்கிரிக்குக் கழுத்து பருத்து, சட்டையின் மேல் பட்டன் போட முடியாமல் போன வருஷம் என்றாள் ருக்குமணி. எப்படியோ, வந்ததை லைன் பழகிக்கொண்டது. லைன் கடிகாரங்கள் எல்லாம் ஊர் நேரத்துக்குப் பின்தங்கியே ஓடின, அதனால் லைன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனால் வாத்தியார்கள் ஏன் என்று கேட்பதில்லை. தபால்காரர் மற்ற தெருக்களையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் லைனுக்குள் வருவார், பை தோளில் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காக. கர்ப்பமான பெண்களைத் தாய்வீட்டுக்கு அனுப்பாமல் லைனிலேயே வைத்துக்கொண்டார்கள். பெண் கேட்டுப் போகிற வீடுகளில், “எங்க லைன்ல மத்தியானத்துல சித்த நேரம் உடம்பு ஓய்வா இருக்குமுங்க” என்று, தண்ணீர் வசதியைச் சொல்கிற மாதிரி சொன்னார்கள்.

அந்த ஓய்வு ஒரே ஒருத்திக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவள் வெள்ளிங்கிரியின் பெண்டாட்டி துளசிமணி. எல்லாருக்கும் பாரம் இறங்குகிற நேரத்தில்தான் அவளுக்குப் பாரம் ஏறும். குறட்டை அறுத்துக்கொண்டே வந்து சட்டென்று நிற்கும், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது, உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நிறம் மாறும். அவள் தோளைப் பிடித்து உலுக்குவாள். சில நாள் உலுக்காமலே திரும்பும், சில நாள் இரண்டு கையாலும் உலுக்க வேண்டும். எந்த நாள் எது என்று தெரியாததால் அவள் எல்லா நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், கீரை ஆய்ந்தபடி, பூண்டு உரித்தபடி, காதை மட்டும் அவர் மூக்கருகே வைத்தவள் போல. கல்யாணமாகி, பையன் வளர்ந்து வெளியூருக்கு வேலைக்குப் போன இத்தனை வருஷத்தில் அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு இறங்கி, அது கன்னம் வரைக்கும் வந்துவிட்டது. ஏதாவது விசேஷ வீட்டில் உட்கார வைத்தால் தட்டில் கை வைத்தபடியே கண் சொருகும், உடனே திடுக்கிட்டு விழித்து, பக்கத்தில் இருக்கிறவர் யாராயிருந்தாலும் தோளைப் பிடித்து உலுக்கிவிடுவாள்.

வெள்ளிங்கிரிக்கும் அந்தத் தூக்கத்தால் ஒரு சுகமும் இல்லை. எழுந்திருக்கும்போதே தலை வலிக்கும், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் மூடும். ஒருநாள் காலையில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர், மிதித்தபடியே தூங்கி, சைக்கிளோடு சாக்கடையில் இறங்கினார். அங்கேயும் எழுந்திருக்கவில்லை. சாக்கடைத் தண்ணீர் அசையாமல் நின்றதைப் பார்த்துத்தான் லைன்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பர்வீன் அவரைப் பகலிலேயே ஒரு அறையில் படுக்கவைத்து, தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டி, விரலில் கிளிப் மாட்டித் தூங்கச் சொன்னார். அந்த அறையின் ஃபேன் நின்று நின்று ஓடியதால் டெக்னீஷியன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார், எலெக்ட்ரீஷியன் ஸ்டூலில் ஏறியவர் தன் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போன சுகத்தில் இறங்காமலே நின்றுவிட்டார்.

“ஃபேன் நிக்கறது, கடிகாரம் நிக்கறது, இதெல்லாம் ஒவ்வொரு வீட்டுல ஒவ்வொரு மாதிரி இருக்கும்மா, அது எனக்குப் பெருசில்ல,” என்றார் டாக்டர், கம்ப்யூட்டர் திரையைத் துளசிமணி பக்கம் திருப்பி. “இதைப் பாருங்க. தூங்கும்போது இவரு தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாய அடைக்குது. ஒவ்வொரு தடவையும் ரத்தத்துல ஆக்ஸிஜன் பள்ளத்துல விழற மாதிரி விழுது. மூளை பயந்துபோய் எழுப்பி விடுது. ராவும் பகலும் யாரோ கழுத்தப் புடிச்சு விட்டுட்டே இருந்தா இதயம் எத்தன நாள் தாங்கும்?”

“நான் எழுப்பிருவேனுங்க டாக்டர்.”

“நீங்க எப்பத் தூங்குவீங்க?”

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் துளசிமணியிடம் கேட்டதில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் வந்தது. ரொட்டிப் பெட்டி அளவில் ஒன்று, அதில் தண்ணீர் ஊற்ற ஒரு சின்னத் தொட்டி, அதிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கையும் வாயையும் மூடுகிற சிலிக்கான் மாஸ்க். காற்றை அழுத்தி அழுத்தி உள்ளே அனுப்பித் தொண்டையை அடைபடாமல் திறந்தே வைத்திருக்கும் என்றார்கள். வெள்ளிங்கிரி அதைக் கட்டிக்கொண்டு முதல் நாள் படுத்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஓடற பஸ்ஸுல ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டுனாப்புல இருக்குது புள்ள. என்னால ஆகாது.”

மீசை முடி வழியாகக் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. வாலிபத்திலிருந்து வளர்த்த மீசை. துளசிமணி ரேசரையும் சோப்பையும் கிண்ணத்தில் தண்ணீரையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவர் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு தானே சிரைத்துக்கொண்டார். டாக்டர் சொன்னபடி முதலில் டிவி பார்க்கும்போது சும்மா மாட்டிப் பழகினார், பிறகு கண்ணை மூடிப் பழகினார், காற்று மெதுவாகத் தொடங்கி மெதுவாக ஏறுகிற மாதிரி வைத்துக் கொடுத்தார்கள். மாஸ்க்கைத் தினம் அவள் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தாள். இப்படியே போய் ஒருநாள், மாஸ்க்கோடு படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

குறட்டை இல்லை. நிறுத்தம் இல்லை. தூரத்து மழை மாதிரி ஒரு இரைச்சல் மட்டும். துளசிமணி பூண்டு உரித்துக்கொண்டே காத்திருந்தாள், காத்திருந்தாள், சுவரில் சாய்ந்தாள், விழித்தபோது மடியில் பூண்டுத் தோல் இருந்தது, வாசலில் சாயங்கால வெயில் இருந்தது. யாரோ செத்துப்போன மாதிரி பதறி அவரைப் பார்த்தாள். உதடு சிவப்பாக இருந்தது. அவள் அழுதாள், அழுதுகொண்டே மறுபடியும் தூங்கினாள்.

லைன் மட்டும் தூங்கவில்லை. லைனில் அன்றைக்குப் பால் எந்த வீட்டிலும் நிற்கவில்லை, சொட்டு சொட்டாகக் குடங்கள் நிறைந்தன, காலையில் தொடங்கிய வேலை ஒரே மூச்சாக ஓடிச் சாயங்காலம் வரைக்கும் வந்தது. அப்போதுதான் அவர்களுக்குத் தங்கள் உடம்பு எவ்வளவு களைத்தது என்று தெரிந்தது. ஒரு வாரத்தில் கடிகாரங்கள் ஊர் நேரத்தைப் பிடித்துவிட்டன. தபால்காரர் லைனை முதலிலேயே முடித்துவிட்டுப் போனார். வாத்தியார்கள் தாமதமாக வந்த பிள்ளைகளை வெளியே நிறுத்தினார்கள். பெண்கள் வாசலில் கூடி நின்று யாரையும் குற்றம் சொல்லாமல், அதனாலேயே எல்லாரையும் குற்றம் சொல்கிற மாதிரிப் பேசிக்கொண்டார்கள்.

“அண்ணன் நல்லாயிருக்கோணும், அதுல ரெண்டு பேச்சில்ல துளசி,” என்றாள் ருக்குமணி, காலைத் தேய்த்துக்கொண்டே. “ஆனா மாவு ஆட்டி முடிக்கறதுக்குள்ள நாலு தடவ நிக்குமல்ல, அதுலதான் நான் உக்காந்தே பழகுனது. இப்ப எப்ப உக்காரறதுன்னே தெரியலயே.”

“உக்காரோணும்னா உக்காருங்கக்கா,” என்றாள் துளசிமணி.

“உக்காந்தா வேல நிக்காதுல்ல,” என்றாள் ருக்குமணி.

இவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பின்வரிசைக் கடைசி வீட்டிலிருந்து வந்தது. அது எஸ்தர் டீச்சரின் வீடு. லைன் பிள்ளைகள் எல்லாருக்கும் பால்வாடியில் சோறு ஊட்டித் தூங்கவைத்தவள், ஐம்பதுகூட ஆகாதவள், எலும்புக்குள் கட்டி வந்து ஆடி மாசத்திலிருந்து படுக்கையில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து வலியை மேலாகத் தடவிக்கொடுத்ததே தவிர உள்ளே போகவில்லை. வெள்ளிங்கிரியின் நிறுத்தங்களில் மட்டும்தான் அவள் கால் நீட்டிப் படுப்பாள், புருஷன் ஞானப்பிரகாசம் அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தலை வாரிவிடுவான். மெஷின் வந்தபின் அவள் தலையணை உறையைக் கடித்தாள். ஒரு மாசத்தில் இரண்டு உறை கிழிந்தது.

ஞானப்பிரகாசம் ஒருநாள் வந்து வாசலிலேயே நின்றான். தையல்காரன், எப்போதும் கழுத்தில் தொங்குகிற டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

“தினமும் வேண்டாங்கக்கா. வாரத்துல ஒரு மத்தியானம் அண்ணன் மெஷின் இல்லாம படுத்தாப் போதும். நீங்க பக்கத்துலயே இருந்துக்கலாம். டீச்சருக்கு நான் வந்தது தெரியாது. தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா.”

துளசிமணிக்குக் கோபம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது எங்கே போவதென்று தெரியாமல் அவளுக்குள்ளேயே சுற்றியது. “போயிட்டு அப்பறம் வா தம்பி,” என்று மட்டும் சொன்னாள்.

கட்டிலில் கிடந்த வெள்ளிங்கிரி எல்லாம் கேட்டிருந்தார். மீசையில்லாத முகம் இன்னும் அவளுக்குப் பழகவில்லை, யாரோ வேற்றாள் பேசுகிற மாதிரி இருந்தது.

“குடுத்துரலாம் புள்ள.”

“உங்க மூச்சுங்க அது. பலகாரமா, தட்டுல வெச்சுக் குடுக்கறதுக்கு?”

“முழிச்சிருந்தப்ப இந்த லைனுக்கு நான் ஒண்ணும் பண்ணல. தூங்கித்தான் ஏதோ நாலு பேருக்கு நல்லது பண்ணியிருக்கேன்,” என்றார் வெள்ளிங்கிரி. “டீச்சர் நம்ம பையனுக்குச் சோறு ஊட்டுனவ.”

டாக்டரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று இருவருக்கும் தெரியும் என்பதால் கேட்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் என்று பேசி முடித்தார்கள். எஸ்தரிடம், மாஸ்க் சில நாள் தூக்கத்தில் தானாகக் கழன்றுகொள்கிறது என்று ஞானப்பிரகாசம் சொல்லிவைத்தான்.

புதன்கிழமை என்றால் லைனுக்கு நோம்பிப் பண்டிகை மாதிரி ஆனது. பெண்கள் காலையிலேயே சமையலை முடித்துப் பாய் விரித்துவைத்தார்கள். வேலைக்குப் போன ஆண்களில் சிலர் அரைநாள் லீவு போட்டு வந்தார்கள். அடுத்த தெருவிலிருந்து உறவுக்காரர்கள் டிபன் பாக்ஸோடு வந்து தங்கினார்கள். வெள்ளிங்கிரி மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுப்பார், குறட்டை கிளம்பும், லைன் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும், அது வரும். துளசிமணி பழையபடி தோளில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். நிறுத்தம் கொஞ்சம் நீளட்டும் என்று பதினாலு வீடும் வேண்டிக்கொள்வது சுவர் வழியாக அவளுக்குத் தெரியும். அதற்கு நடுவே அவள் ஒருத்தி உலுக்கினாள்.

ஆனால் அவள் உடம்பு பழைய உடம்பில்லை. தூக்கத்தின் ருசியை அது கண்டுவிட்டது. இத்தனை வருஷத்துக் கடனை ஒரே தடவையில் கேட்கிற மாதிரி, உட்கார்ந்த இடத்தில் அது அவளைக் கீழே இழுத்தது.

மார்கழியில் ஒரு புதன்கிழமை. வெள்ளிங்கிரிக்குச் சளி பிடித்திருந்தது, மெடிக்கலில் வாங்கிய மாத்திரையைப் போட்டிருந்தார். தூக்க மாத்திரை, சளி மாத்திரை எதையும் கேட்காமல் போடக்கூடாது, தொண்டை இன்னும் தளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தது அந்த மூக்கடைப்பில் இருவருக்கும் மறந்துபோயிற்று. அவர் படுத்தார். துளசிமணி தோளில் கை வைத்தாள். மூச்சு நிற்பதற்கு முன்னாலேயே அவள் தலை கட்டில் சட்டத்தில் சாய்ந்தது.

நின்றது.

லைனில் ஃபேன்கள் நின்றன, கொடியில் துணிகள் காற்றில் உப்பியபடியே நின்றன, ருக்குமணி பாயில் மல்லாந்து, இதைவிட நீளமாக ஒரு நிறுத்தம் வந்ததில்லையே என்று நினைத்தாள், நினைத்துவிட்டுப் புரண்டுகூடப் படுக்கவில்லை. வெளியே திருச்சி ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின, லைனுக்குள் யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. களைத்தவர்கள். துளசிமணி உலுக்குவாள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள், அப்படி நினைத்துக்கொள்வது அத்தனை சுகமாக இருந்தது.

எஸ்தர் மட்டும் எழுந்தாள். பால்வாடியில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இத்தனை வருஷம் அவர்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, இது சரியில்லாத அமைதி என்று பட்டது. காலைத் தரையில் வைத்தாள், வலிக்கவில்லை. எழுந்து நின்றாள், வலிக்கவில்லை. தலை வாரிவிட்ட சீப்போடு ஞானப்பிரகாசம் அவளைப் பார்த்தான், “எங்க போற?” என்றான். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆடிக்குப் பிறகு அன்றுதான் வெயில் அவள் முகத்தில் பட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றதாக அவளே பிறகு சொன்னாள்; நின்றிருக்கக் கூடாதுதான், ஆனால் நின்றேன் என்றாள்.

பிறகு நடந்தாள். அந்தரத்தில் நின்ற தூசியை முகத்தால் விலக்கிக்கொண்டு, பாய்களில் கிடந்தவர்களைத் தாண்டி, லைனின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். துளசிமணியின் வீட்டுக்குள் நுழைந்ததும் மூன்றைப் பார்த்தாள்: கருத்துப்போன வெள்ளிங்கிரியின் முகத்தை, அவர் தோளில் கை வைத்தபடி தூங்குகிறவளை, ஆணியில் ஒழுங்காக மாட்டியிருந்த மாஸ்க்கை. தானாகக் கழன்ற மாஸ்க் ஆணியில் போய்த் தொங்காது.

அவர் மூச்சு திரும்பினால் தன் எலும்புக்குள் என்ன திரும்பும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூக்கடைத்துத் தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் போடுகிற மாதிரி, அந்தப் பெரிய உடம்பின் தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து, “அண்ணா, எந்திரிங்கண்ணா, வெள்ளிங்கிரியண்ணா,” என்று ஒரே தள்ளாக ஒருக்களித்துப் போட்டு, முதுகில் ஓங்கி அறைந்தாள்.

மூச்சு வந்த சத்தம் லைன் கடைசி வரைக்கும் கேட்டது. அதே நொடியில் எஸ்தரின் சத்தமும் கேட்டது. துளசிமணி விழித்தபோது டீச்சர் தரையில் சுருண்டு கிடந்தாள், கட்டில் காலைப் பல்லால் கடித்துக்கொண்டு. துளசிமணி கீழே விழுந்து அவளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள், எங்கே தொட்டாலும் டீச்சருக்கு வலித்தது.

“அதை மாட்டுங்கக்கா,” என்றாள் எஸ்தர், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. “எனக்காகன்னு சொல்லி இனிக் கழட்டுனீங்கன்னா, நான் வேற ஊருக்குப் போயிருவேன்.”

வாசலில் லைன் முழுதும் வந்து நின்றது. எல்லாருக்கும் எல்லா வலியும் திரும்பியிருந்தது, அவரவர் வலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ருக்குமணிதான் நொண்டிக்கொண்டே உள்ளே வந்து, ஆணியிலிருந்து மாஸ்க்கை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்து வெள்ளிங்கிரியிடம் கொடுத்தாள். நான்கு ஆண்கள் வெள்ளிங்கிரி எழுந்த கட்டிலில் எஸ்தரைக் கிடத்தி, கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் லைனில் எதுவும் நிற்கவில்லை. வேலை ஓடியது, முழங்கால் வலித்தது, களைத்தவர்கள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு உட்காரக் கற்றுக்கொண்டார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. டாக்டர் பர்வீன் வேறொரு ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே இருக்கிற டாக்டருக்கு எழுதிக்கொடுத்து, எஸ்தருக்கு வேறு மருந்து வந்தது, அது முன்னதைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போனது. முழுக்கப் போகவில்லை. பங்குனியில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அதுவரைக்கும், வெள்ளிங்கிரி மெஷினைப் போட்டுத் தூங்குகிற நேரத்தில் துளசிமணி எஸ்தரின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்துகொள்வாள். செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கேட்டால் தண்ணீர் கொடுப்பாள், கேட்காவிட்டால் சும்மா இருப்பாள். ஒருநாள், உட்கார்ந்தபடியே அவள் தலை ஆடி ஆடி விழுந்ததையும் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு நிமிர்ந்து லைனின் அந்த முனைக்குக் காதைத் திருப்பியதையும் எஸ்தர் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

“துளசிக்கா, படுங்க.”

“இல்ல டீச்சர். கரண்ட் போச்சுன்னா மெஷின் நின்னுரும்.”

“எனக்கு எப்படியும் தூக்கம் வராது. முழிச்சுட்டுதான் கிடக்கப்போறேன். கரண்ட் போனா இந்த ஃபேனும் நிக்குமல்ல, நான் எழுப்பறேன். படுங்க.”

துளசிமணி தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாள். கட்டிலிலிருந்து ஒரு கை இறங்கி வந்து, பாலகனுக்குத் தட்டிக்கொடுக்கிற மாதிரி, வலிக்கு நடுவே விட்டு விட்டு, அவள் தோளில் தட்டியது. சாயங்காலம் தூங்கி எழுந்த வெள்ளிங்கிரி, கன்னத்தில் மாஸ்க் வார் பதிந்த கோடுகளோடு, பெண்டாட்டியைத் தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். தரையில் அவள் வாயைத் திறந்து, கையைக் காலை எறிந்து, உலகத்தில் யாரும் தன்னை நம்பியில்லாதவளைப் போலத் தூங்குவதைப் பார்த்தார்.

“எழுப்பட்டுங்களா டீச்சர்? டீ வெக்கற நேரம்.”

எஸ்தர் தலையணையிலிருந்து பல்லை எடுத்தாள்.

“டீய நீங்க வைங்கண்ணா,” என்றாள்.